உங்க பிபி ரீடிங் உங்க பேர்லதான் ஏறுதா? ஆபா எண், ஓடிபி, ஒப்புதல்... கவனிக்க வேண்டியது என்ன? முழு விவரம்!

வீட்டு வாசலில் சுகாதாரத் தன்னார்வலர் வந்து நிற்கிறார். ஒரு கையில் பிபி மெஷின், இன்னொரு கையில் மொபைல். தாத்தாவுக்கு அளந்தால் 168/98. பாட்டிக்கு 122/78. "போன் நம்பர் சொல்லுங்கம்மா" என்று கேட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். வெளியூரில் வேலை பார்க்கும் மகனோட நம்பர்!

இப்போ ஒரு சின்ன கற்பனை. அவசரத்தில் தாத்தாவின் ரீடிங் பாட்டியின் பெயரில் ஏறிவிடுகிறது. அடுத்த மாதம் டாக்டர் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு பாட்டிக்கு மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார். ஏற்கெனவே கட்டுக்குள் இருந்த பிபி இன்னும் இறங்குகிறது. ராத்திரி பாத்ரூம் போக எழுந்த பாட்டிக்குத் தலைசுற்றல். தாத்தாவின் பக்கத்திலோ 'நார்மல்' என்று இருக்கிறது. அவருக்கு ஏற வேண்டிய மருந்து ஏறவே இல்லை.

மெஷின் சரியாகத்தான் அளந்தது. எண்ணும் சரிதான். யாருடைய எண் என்பதில்தான் பிசகு. மருத்துவப் பதிவுகள் எல்லாம் டிஜிட்டல் ஆகிவரும் இந்த நேரத்தில், ஒரு ரீடிங்கை சரியான ஆளோடு பாதுகாப்பாக இணைப்பது எப்படி? இணைத்த பிறகு அதை யாரெல்லாம் பார்க்க முடியும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மெஷினுக்கு உங்களைத் தெரியுமா?

தெரியாது. இதுதான் முதல் விஷயம்.

வீட்டில் வைத்திருக்கும் பல பிபி மெஷின்களில் 'யூசர் 1', 'யூசர் 2' என்று பட்டன் இருக்கும். கணவர் ஒன்று, மனைவி இரண்டு என்று வைத்துக்கொள்வார்கள். ப்ளூடூத் மூலம் போனுக்கு ரீடிங் அனுப்பும் மெஷின்களும் கிட்டத்தட்ட இதே கதைதான். ப்ளூடூத் தரநிலையில் பிபி ரீடிங்கோடு சேர்த்து அனுப்ப 'யூசர் ஐடி' என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. அதில் பெயர் இல்லை, ஆதார் இல்லை. 0 முதல் 255 வரையிலான ஒரு எண் மட்டும்தான். 255 என்று வந்தால் 'யாரென்று தெரியாது' என்று அர்த்தம். அந்த இடத்தை நிரப்புவதுகூட கட்டாயம் இல்லை.

அதாவது, மெஷின் சொல்வது "என்னிடம் ஒரு கை வந்தது, இதுதான் அளவு" என்பதை மட்டும்தான். அது யாருடைய கை என்பதை, மெஷினோடு இணைந்திருக்கும் போனில் யார் லாகின் செய்திருக்கிறார்களோ அதை வைத்து ஆப் முடிவு செய்கிறது. மருமகள் போனில் மாமியாருக்கு பிபி பார்த்தால், ஆப் பொறுத்தவரை அது மருமகளின் பிபி!

ஸ்மார்ட் வாட்ச்சிலும் இதே சிக்கல். தினமும் நடந்தால் பிரீமியத்தில் சலுகை தரும் ஹெல்த் பாலிசிகள் இந்தியாவில் இருக்கின்றன. வாட்ச்சைக் கட்டிக்கொண்டு நடப்பது பாலிசிதாரரா, தினமும் கிரிக்கெட் ஆடப் போகும் அவருடைய பையனா? வாட்ச்சில் எண்ணிக்கை ஏறும், ஆள் யாரென்பது ஏறாது.

ஒரு ரீடிங்குக்கு எத்தனை விவரம் வேண்டும்?

மருத்துவமனைகளுக்கு இடையே பதிவுகளைப் பரிமாற இந்தியாவின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் எஃப்.ஹெச்.ஐ.ஆர் என்ற சர்வதேச வடிவத்தைப் பயன்படுத்துகிறது. அதில் 168/98 என்று வெறுமனே எழுதுவது இல்லை. என்ன அளவு (பிபியின் மேல் அளவுக்கு 8480-6, கீழ் அளவுக்கு 8462-4 என்று உலகம் முழுக்க ஒரே குறியீடு), எப்போது எடுத்தது, எந்தக் கருவியில், அளந்தது யார், முக்கியமாக யாருக்கு எடுத்தது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு.

கட்டம் இருப்பது நல்ல விஷயம். ஆனால், 'யாருக்கு' என்ற கட்டத்தை நிரப்புவது மனிதர்கள்தான். அங்கேதான் ஆபா வருகிறது.

ஆபா என்றால் என்ன? இன்சூரன்ஸ் கார்டா?

இல்லை. இந்தக் குழப்பம் பலருக்கும் இருக்கிறது. மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீட்டு அட்டை வேறு, ஆபா வேறு. ஆபா கார்டைக் காட்டினால் பில் குறையாது.

ஆபா என்பது ஆயுஷ்மான் பாரத் ஹெல்த் அக்கவுண்ட். 14 இலக்க எண். உங்கள் மருத்துவப் பதிவுகள் எங்கே இருந்தாலும் 'இது இவருடையதுதான்' என்று கோர்ப்பதற்கான அடையாளம். 2020 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட இந்தத் திட்டம் முதலில் ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனை செய்யப்பட்டது. அதில் நம் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியும் ஒன்று. 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. இன்று உருவாக்கப்பட்ட ஆபா எண்கள் 70 கோடியைத் தாண்டிவிட்டன.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 14 இலக்க ஆபா எண் பொதுவாக ஆதார் ஓடிபி மூலம் உருவாகிறது. ஆதாரில் இருக்கும் பெயர், பிறந்த தேதி, பாலினம், போட்டோ அப்படியே வந்துவிடும். இது 'உறுதி செய்யப்பட்ட' அடையாளம். இன்னொன்று ஆபா முகவரி. பார்க்க யுபிஐ ஐடி போலவே இருக்கும். இதை மொபைல் நம்பரை மட்டும் வைத்தும் உருவாக்கலாம். அப்படி உருவாக்கினால், அந்த நம்பருக்கு வந்த ஓடிபியை யாரோ ஒருவர் டைப் செய்தார் என்பது மட்டும்தான் நிரூபணம். அது நீங்கள்தானா என்பதை யாரும் சரிபார்க்கவில்லை.

இனிஷியல் செய்யும் வேலை!

சரி, ஆபா எடுத்தாச்சு. பழைய மருத்துவமனைப் பதிவுகளை அதோடு எப்படி இணைப்பது? ஆப் ஒன்றில் மருத்துவமனையின் பெயரைத் தேடி 'என் பதிவுகளைக் காட்டு' என்று கேட்க வேண்டும். மருத்துவமனையின் கம்ப்யூட்டர் உங்கள் மொபைல் நம்பர், பெயர், பாலினம், பிறந்த வருடம் ஆகியவற்றைத் தன்னிடம் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் இணைப்புக்கு ஓடிபி வரும்.

கேட்க எளிதுதான். ஆனால், தமிழ்நாட்டில் இங்கேதான் ஒரு தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் 'முருகன் சுப்பிரமணி', ரேஷன் கார்டில் 'சு. முருகன்', ஆஸ்பத்திரி சீட்டில் 'எஸ். முருகன்', லேப் ரிப்போர்ட்டில் வெறும் 'முருகன்'. நான்கும் ஒரே ஆள். அதே தெருவில் இன்னொரு முருகன் இருந்தால் அவருக்கும் இதே சீட்டு பொருந்தும். முருகன் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடுவதும் குறைவதும் தனிக்கதை.

பிறந்த வருடமும் கை கொடுக்காது. ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கும் தாத்தா, பாட்டிகள் ஏராளம். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "வயசு என்னம்மா?" என்றால் "அறுபது அறுபத்தஞ்சு இருக்கும்" என்பார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் 62 என்று போட்டுக்கொள்வார். அதிலிருந்துதான் பிறந்த வருடம் பிறக்கிறது!

இதற்குத்தான் மருத்துவமனைகளில் 'ஸ்கேன் அண்ட் ஷேர்' வசதி 2022-ல் கொண்டுவரப்பட்டது. ஓ.பி. கவுண்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை உங்கள் போனில் ஸ்கேன் செய்தால், ஆபாவில் இருக்கும் பெயரும் வயதும் அப்படியே போய்விடும், டோக்கனும் வந்துவிடும். வரிசையில் நிற்கும் நேரம் குறைகிறது என்பதுதான் பெரிதாகச் சொல்லப்படுகிறது. அதைவிட, பெயரை இன்னொருவர் காதால் கேட்டு டைப் செய்யும் இடம் ஒன்று குறைகிறது என்பதே முக்கியம்.

வீக்கான இடம் போன் நம்பர்தான்

மொத்த ஏற்பாடும் எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தால், கடைசியில் ஒரு மொபைல் நம்பர். ஆதார் ஓடிபி அதற்குத்தான் வரும். ஒப்புதல் கேட்டு வரும் தகவலும் அங்கேதான் வரும்.

வங்கிக் கணக்கு ஆளுக்கொன்று இருக்கும். ஆனால், பல வீடுகளில் போன் நம்பர் அப்படி இல்லை. மகனின் நம்பரில் அம்மா, அப்பா, பாட்டி மூன்று பேரும் இருப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் விளைவு என்ன? அம்மாவின் மருத்துவப் பதிவை யாருக்குக் காட்டலாம் என்பதை முடிவு செய்வது அம்மா இல்லை, போன் வைத்திருப்பவர். மனநலச் சிகிச்சை, கருத்தடை, கருக்கலைப்பு, ஹெச்ஐவி பரிசோதனை போன்றவற்றை வீட்டில் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, கணவரின் நம்பரோடு இணைந்த ஆபா என்பது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் துண்டிக்கப்பட்டால், குறைந்தது 90 நாட்களுக்கு அது வேறு யாருக்கும் தரப்படாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதற்குப் பிறகு? முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போகலாம். ஆதாரிலும் ஆபாவிலும் பழைய நம்பரை மாற்றாமல் விட்டிருந்தால், உங்களுக்கு வர வேண்டிய ஓடிபி அவருக்குப் போகும்.

'நீங்கள் யார்' என்பது வேறு, 'யார் பார்க்கலாம்' என்பது வேறு

இந்த விஷயத்தில் பலரும் தவறவிடும் இடம் இதுதான். ஆதாரைக் கொடுத்ததும் எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. ஆளை உறுதி செய்வது ஒரு வேலை. பதிவைத் திறக்க அனுமதிப்பது இன்னொரு வேலை. இரண்டும் ஒரே ஓடிபியில் முடிந்துவிட்டால் பாதுகாப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆபா ஏற்பாட்டில் இவை தனித்தனியாகத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. எல்லோருடைய ரிப்போர்ட்டையும் டெல்லியில் ஒரே சர்வரில் குவித்து வைப்பது இல்லை. மதுரை லேபில் எடுத்த ரிப்போர்ட் அந்த லேபின் கணினியிலேயே இருக்கும். சென்னையில் இருக்கும் டாக்டர் பார்க்க வேண்டுமென்றால், நடுவில் இருக்கும் ஒப்புதல் மேலாளர் வழியாக உங்களுக்குக் கோரிக்கை வரும்.

அந்தக் கோரிக்கையில் நான்கு விஷயங்கள் இருக்கும். எதற்காகக் கேட்கிறார்கள், எந்த வகைப் பதிவு (மருந்துச் சீட்டா, லேப் ரிப்போர்ட்டா, பிபி போன்ற அளவுகள் அடங்கிய 'வெல்னஸ் ரெக்கார்டா'), எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாளைக்கு அனுமதி. நீங்கள் சம்மதித்தால் மட்டுமே லேபிலிருந்து டாக்டருக்குப் பதிவு போகும். அதுவும் இரு தரப்பும் அந்த ஒரு பரிமாற்றத்துக்காக உருவாக்கும் சாவிகளைக் கொண்டு பூட்டப்பட்டுத்தான் போகும். ஒப்புதலைக் கையாளும் நடுவில் இருப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தபால்காரர் ஒட்டிய கவரைக் கொண்டுபோவது மாதிரி!

வடிவமைப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் நடைமுறையில், நெரிசலான கவுண்டரில் "ஓடிபி வந்துச்சா, சொல்லுங்க" என்றதும் சொல்லிவிடுகிறோம். எதற்கான ஓடிபி என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? அடையாளத்துக்கா, அனுமதிக்கா என்பது கேட்காதவருக்குத் தெரியப்போவது இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கொடுத்த அனுமதியை ரத்து செய்ய முடியும். ரத்து செய்தால் அதற்குப் பிறகு புதிதாக எடுக்க முடியாது. ஏற்கெனவே ஒருவர் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தால், எந்தத் தொழில்நுட்பமும் அதைத் திரும்ப வாங்கித் தராது.

முன்னாடி என்னவெல்லாம் நடந்தது?

கொரோனா காலம் நினைவிருக்கிறதா? 2021-ல் ஆதாரைக் காட்டி தடுப்பூசி போட்டுக்கொண்ட பலரின் சான்றிதழிலேயே 14 இலக்க சுகாதார அடையாள எண்ணும் அச்சாகி வந்தது. "இதுக்கு நான் எப்போ சம்மதம் கொடுத்தேன்?" என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

2023 ஜூன் மாதம் ஒரு டெலிகிராம் பாட் பரபரப்பைக் கிளப்பியது. மொபைல் நம்பரைக் கொடுத்தால், தடுப்பூசி போட்டவரின் பெயர், அடையாள அட்டை எண், எங்கே ஊசி போட்டார் என்பது வரை காட்டியது. கோவின் தளம் பாதுகாப்பாக இருக்கிறது, ஓடிபி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் மறுத்தது. பின்னர் பீகாரில் ஒருவர் கைது செய்யப்பட்டார். தகவல் எந்த வழியில் வெளியே போனது என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். போன் நம்பர் என்ற ஒற்றை நூலைப் பிடித்து இழுத்தால் ஓர் ஆளின் முழு விவரமும் வந்துவிடும் என்பதை அந்தச் சம்பவம் எல்லோருக்கும் காட்டியது.

அதற்கு முன் 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. பல நாட்கள் பேப்பரும் பேனாவுமாக வேலை நடந்தது. 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களின் தகவல்கள், மருத்துவ ஆவணங்கள் உள்பட, டெலிகிராம் சாட்பாட்கள் வழியாகக் கசிந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது.

கார்டு நம்பர் திருடுபோனால் வங்கி புது கார்டு தரும். சர்க்கரை நோய் இருக்கிறது என்ற தகவல் திருடுபோனால் புது உடம்பு தர யாரும் இல்லை. பெயர் உறுதி செய்யப்படாத ரீடிங் கசிந்தால் அது வெறும் எண். உறுதி செய்யப்பட்ட அடையாளத்தோடு கசிந்தால் அது ஓர் ஆளின் ரகசியம். இணைப்பு எந்த அளவுக்கு உறுதியாகிறதோ, அந்த அளவுக்குப் பூட்டும் உறுதியாக இருந்தாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் முழுமையாக நடைமுறைக்கு வருகின்றன.

இந்தச் சட்டப்படி, தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தவறான தகவலைத் திருத்தச் சொல்லவும், தேவை முடிந்ததும் நீக்கச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. தாத்தாவின் பிபி பாட்டியின் பெயரில் ஏறியிருந்தால் அதைத் திருத்தச் சொல்வது கெஞ்சிக் கேட்கும் உதவி இல்லை, உரிமை. உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரம் போன்ற சில சூழல்களில் ஒப்புதல் இல்லாமலும் தகவலைப் பயன்படுத்த சட்டம் இடம் தருகிறது.

ஆனால் ஒரு குறையும் இருக்கிறது. 2011-ல் வந்த பழைய விதிகள் உடல்நலத் தகவலை 'உணர்திறன் மிக்கது' என்று தனி வகையாக வைத்திருந்தன. புதிய சட்டத்தில் அப்படித் தனி வகை இல்லை. உங்கள் ஷூ சைஸும் சர்க்கரை அளவும் சட்டத்தின் பார்வையில் ஒரே 'தனிநபர் தரவு'தான்.

ஆபா வேண்டாம்னு சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். ஆபா விருப்பத்தின் பேரில் மட்டுமே. ஆபா இல்லை என்பதற்காக சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது திட்டத்தின் கொள்கையிலேயே இருக்கிறது. எடுத்த பிறகு பிடிக்கவில்லை என்றால் தற்காலிகமாக முடக்கவும், நிரந்தரமாக நீக்கவும் வழி இருக்கிறது.

அதே நேரம், நீண்ட நாள் பிபி, சர்க்கரை உள்ளவர்களுக்கு இதில் உண்மையான பலன் இருக்கிறது. ஒரு நாள் ரீடிங்கை வைத்து எந்த டாக்டரும் முழுதாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆறு மாத ரீடிங் வரிசையாக இருந்தால் கதையே வேறு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் அடிப்படையே வீடு தேடிப் போய் பிபி, சர்க்கரையைத் தொடர்ந்து கவனிப்பதுதான். அந்த வரிசையில் இன்னொருவரின் ரீடிங் ஒன்று கலந்தாலும் டாக்டர் தவறான பாதையில் போக வாய்ப்பு இருக்கிறது.

அப்போ நாம என்ன செய்யணும்?

1. வீட்டில் பிபி மெஷின் இருந்தால் ஆளுக்கொரு யூசர் எண் வையுங்கள். எந்த எண் யாருக்கு என்று மெஷின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். விருந்தாளிக்குப் பார்த்தால் அந்த ரீடிங்கை உடனே அழித்துவிடுங்கள்.

2. ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு அளவெடுங்கள். நோட்டில் தேதி, நேரம், பெயரோடு எழுதி வைப்பதை விட்டுவிடாதீர்கள். ஸ்கிரீனில் இருப்பது தப்பு என்று நிரூபிக்க அந்த நோட்டுதான் கை கொடுக்கும்.

3. முடிந்தவரை பெற்றோரின் ஆதாரிலும் ஆபாவிலும் அவர்களின் சொந்த நம்பரே இருக்கட்டும். நம்பர் மாறினால், பழைய சிம்மை விடும் முன்பே இரண்டிலும் மாற்றிவிடுங்கள்.

4. ஆதார், ஆபா, ஆஸ்பத்திரி கார்டு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

5. ஓடிபி கேட்டால் "எதுக்கு?" என்று கேளுங்கள். எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். போனில் அழைத்து ஆபா பெயரில் ஓடிபி கேட்பவர்களிடம் எதுவும் சொல்லாதீர்கள்.

6. ஒப்புதல் கோரிக்கை வந்தால், தேவையான பதிவுக்கு, தேவையான நாட்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். சிகிச்சை முடிந்ததும் ஆபா ஆப்பில் பழைய அனுமதிகளைப் பார்த்து ரத்து செய்யுங்கள்.

7. ஆதார் நகல் கேட்கும் இடங்களில், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாம். எம்-ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கை லாக் செய்யும் வசதியும் இருக்கிறது.

இதில் எதுவுமே கஷ்டமான வேலை இல்லை. அடுத்த முறை வீட்டுக்கு வந்து பிபி பார்ப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: "இந்த ரீடிங்கை யார் பேர்ல ஏத்துறீங்க, கொஞ்சம் ஸ்கிரீனைக் காட்டுங்க?" தாத்தா, பாட்டி இருக்கும் வீட்டில் அந்த ஒரு நொடிப் பார்வை, ஒரு தவறான மாத்திரையைத் தடுக்கலாம்.